ஒரு சாண் சிறுதேர்

தமிழிலக்கியத்தில் தேர்கள் பல ஓடுகின்றன. மன்னர் போருக்கு ஏறிச் சென்ற தேர், பிரிந்த தலைவனை விரைந்து கொணரும் தேர், முல்லைக் கொடிக்கு வள்ளல் ஈந்த தேர் என அவற்றின் ஒலி நூல்தோறும் கேட்கிறது. அந்த ஆரவாரத்துக்கு நடுவே ஓசையின்றி ஓடும் சின்னஞ்சிறு தேர் ஒன்றும் உண்டு. அதுவே குழந்தைகளின் சிறுதேர்.

காவிரிப்பூம்பட்டினத்தின் வளத்தைக் கூற வந்த கடியலூர் உருத்திரங்கண்ணனார், பட்டினப்பாலையில் இச்சிறுதேரையே சான்றாக நிறுத்துகிறார். முற்றத்தில் உலரும் உணவுப் பொருளைக் கவர வந்த கோழியை விரட்ட, மகளிர் தம் காதுக் குழையைக் கழற்றி எறிகின்றனர். எறிந்த குழை, சிறுவர் குதிரை பூட்டாமல் உருட்டி வரும் மூன்று கால் சிறுதேரின் வழியை மறித்துக் கிடக்கிறது. பிற்காலப் பிள்ளைத்தமிழ் நூல்களில் ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்தாம் பருவமே சிறுதேர்ப் பருவம் என்று பெயர் பெற்றது. இஸ்லாமியப் புலவர்களும் பிள்ளைத்தமிழ் பாடியுள்ளனர். ஆகவே, விளையாட்டு வண்டியைப் பற்றித் தமிழ்த்துறை மலரில் எழுதுவது மரபுக்குப் புறம்பானதன்று என்னும் துணிவோடு இக்கட்டுரையைத் தொடங்குகிறேன்.

நான் சொல்லப் போவதும் குதிரையில்லாச் சிறுதேர் ஒன்றைப் பற்றியே. பழைய அமெரிக்கக் கார் ஒன்றின் பிளாஸ்டிக் மாதிரி உரு அது. அதன் நீளம் ஒரு சாணுக்கும் சற்றுக் குறைவு. அதனைக் காரிமங்கலத்தில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் என் அண்ணனும் நானும் சேர்ந்து உருவாக்கினோம்.

நெடுஞ்சாலையும் பட்டறையும்

காரிமங்கலம் தருமபுரி மாவட்டத்தில், தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் இடையே அமைந்த ஊர். குன்றின் மேல் அருணேசுவரர் கோயிலும், செவ்வாய்க்கிழமைச் சந்தையும், பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையும் இவ்வூரின் அடையாளங்கள். முன்னர் 7 என்றும் இப்போது 44 என்றும் எண் பெற்ற அந்தத் தேசிய நெடுஞ்சாலையே எங்கள் குடும்பத்துக்குச் சோறிட்டது. சாலையில் ஓடும் வண்டிகள் மோதும், நசுங்கும், துருப்பிடிக்கும். அவற்றைத் தட்டி நிமிர்த்திப் பட்டி பார்த்து வண்ணம் பூசும் டிங்கரிங் பட்டறையில் என் அண்ணன் பதினான்காம் வயதில் சேர்ந்தார். அத்தா காலமான ஆண்டு அது. அவர் கையில் பட்டித் தகடு ஏறியதால்தான் என் கையில் தமிழ்ப் புத்தகம் தங்கியது.

பிற்காலத்தில் அண்ணன் சொந்தமாகவே பட்டறை வைத்தார். அம்பாசிடர், பத்மினி, லாரி, டிராக்டர் என எல்லாம் வந்தன. எனினும் அவர் மனம் கவர்ந்த வண்டி கான்டஸா. இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் 1984 முதல் 2002 வரை உருவாக்கிய அக்கார், இங்கிலாந்தின் வாக்ஸால் நிறுவனம் 1970-களில் தயாரித்த ஒரு வண்டியின் உடலமைப்பைக் கொண்டது. அதன் நீண்ட முன்மூடியும் அகன்ற தோள்களும் அண்ணனை மயக்கின. “பானெட்டுல மட்டும் ஒரு ஆள் பாய் விரிச்சுத் தூங்கலாம், தம்பி” என்பார்.

முப்பத்தெட்டு ஆண்டு உழைப்பு அவருக்குப் பெயரைத் தந்தது, மூச்சிரைப்பையும் தந்தது. கெட்டிப்படுத்தும் திரவம் கலந்து அடிக்கும் இருகலவைப் பெயிண்டில் ஐசோசயனேட் என்னும் வேதிப்பொருள் உண்டு. அதன் நுண்துளிகள் தொடர்ந்து மூச்சில் கலந்தால் ஆஸ்துமா வரும் என்பது மருத்துவ உலகம் நன்கறிந்த செய்தி. தகரக் கொட்டகைக்குள் முகத்தில் ஒரு துண்டை மட்டும் கட்டிக்கொண்டு வேலை பார்த்தவர்களுக்கு அதனை எடுத்துச் சொல்வார் இல்லை. 2019-ஆம் ஆண்டு மருத்துவர் இனி ஸ்ப்ரே கன்னைத் தொடலாகாது என்று கூறிவிட்டார். பட்டறை மூடப்பட்டது. அதன்பின் அண்ணன் பேச்சைக் குறைத்துக்கொண்டார். தொழுகைக்குச் செல்வார், திரும்பி வந்து திண்ணையில் அமர்ந்து சாலையைப் பார்ப்பார். எந்த வண்டிக்கு எந்தக் கதவு மாற்றுப் பெயிண்ட் என்று ஓடும்போதே கண்டுபிடிப்பார். ஆனால் சொல்ல ஆள் இல்லை.

வளைகுடாவிலிருந்து வந்த பெட்டி

அண்ணன் மகன் வளைகுடாவில் பணிபுரிகிறான். 2023 செப்டம்பரில் விடுப்பில் வந்தபோது ஒரு அட்டைப் பெட்டியைக் கொணர்ந்தான். டாட்ஜ் சார்ஜர் என்னும் காரின் 1968-ஆம் ஆண்டு வடிவை இருபத்தைந்தில் ஒரு பங்காகச் சுருக்கிய ரெவெல் நிறுவனத்தின் மாதிரிப் பெட்டி அது. “சின்னத்தா, அத்தா சும்மாவே உக்காந்திருக்காங்க. நீங்க கூட இருந்தா செய்வாங்க” என்று என்னிடம் தனியே சொல்லிவிட்டுச் சென்றான்.

பெட்டியின் மேலிருந்த படத்தை அண்ணன் நெடுநேரம் பார்த்தார். பிறகு, “இது நம்ம கான்டஸாவுக்குப் பெரியத்தா மாதிரி இருக்கே!” என்றார். பல மாதங்களுக்குப் பின் அவராகச் சொன்ன முதல் நகைச்சுவை அது.

அமெரிக்கர் இவ்வகை வண்டிகளைத் ‘தசைக் கார்’ என்னும் பொருள்பட வழங்குவர். நடுத்தர அளவுள்ள காரில் மிகப் பெரிய எஞ்சினைப் பொருத்தி விரைவையே குறிக்கோளாக்கிய வண்டிகள் இவை. 1964-இல் வெளிவந்த போண்டியாக் ஜிடிஓ இவ்வரிசையைத் தொடங்கி வைத்ததாகப் பலரும் கருதுவர். எங்கள் பெட்டியிலிருந்த சார்ஜரின் மூல வண்டிக்கு எட்டு உருளை எஞ்சின். அதன் கொள்ளளவு ஏறத்தாழ 7,200 சிசி. ஆற்றல் 375 குதிரைத் திறன். நம் சாலைகளில் நெடுங்காலம் ஓடிய அம்பாசிடரின் எஞ்சின் 1,489 சிசி என்பதை ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும்.

அவ்வண்டிகளின் வாழ்வு நீளவில்லை. காப்பீட்டுக் கட்டணம் ஏறியது. 1970-இல் அமெரிக்காவில் காற்றுத் தூய்மைச் சட்டம் கடுமையாயிற்று. 1973 அக்டோபர்ப் போரையொட்டி அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதியைத் தடுத்தபோது கச்சா எண்ணெய் விலை பன்மடங்கு உயர்ந்தது. எண்ணெயை வாரி இறைத்த வண்டிகள் ஓய்ந்தன. அதே விலையேற்றம் பாலைவன நாடுகளில் செல்வத்தைக் குவித்தது. நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அங்கே வேலையும் கிடைத்தது. அந்த வண்டியை வீதியிலிருந்து விரட்டிய எண்ணெயே அதன் சிறுதேரைக் காரிமங்கலத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தது என எண்ணுகையில் இறைவனின் ஏற்பாட்டை வியவாதிருக்க இயலவில்லை.

அளவின் கணக்கு

பெட்டியைத் திறந்தால் கார் இல்லை. நூற்றுக்கும் மேற்பட்ட உறுப்புகள் சட்டங்களில் காய்த்துத் தொங்கின. உருக்கிய பாலிஸ்டைரீனை எஃகு அச்சுக்குள் அழுத்தத்தோடு செலுத்தி வார்த்தவை அவை. அமெரிக்காவில் 1948-இல் தோன்றிய ஏஎம்டி போன்ற நிறுவனங்கள் தொடக்கத்தில் கார் விற்பனைக் கூடங்களின் விளம்பரத்துக்காக இத்தகைய சிற்றுருக்களைச் செய்தன. 1958 முதல் அந்நிறுவனம் அவற்றையே பிரித்த உறுப்புகளாகப் பெட்டியிலிட்டு இளைஞர்க்கு விற்றது. இருபத்தைந்தில் ஒன்று என்னும் அளவு கார் மாதிரிகளில் அன்று முதல் நிலைபெற்றுவிட்டது.

இவ்வளவைப் பற்றிச் சற்றே கணக்கிட்டுப் பார்த்தேன். மூல வண்டியின் நீளம் 208 அங்குலம், அதாவது 528 சென்டிமீட்டர். இருபத்தைந்தால் வகுத்தால் 21 சென்டிமீட்டர். நீளம் இருபத்தைந்தில் ஒன்றானால் பரப்பு 625-இல் ஒன்றாகும். கன அளவு 15,625-இல் ஒன்றாகும். ஒன்றரை டன்னுக்கும் மேற்பட்ட அந்த இரும்பு வண்டியை இதே விகிதத்தில் சுருக்கினால் எடை நூறு கிராம் அளவிலேயே நிற்கும். கணக்கை அண்ணனிடம் பெருமையோடு காட்டினேன். அவர் கேட்டுவிட்டு, “எல்லாம் சின்னதாகும், சரி. தூசு சின்னதாகுமா?” என்றார்.

நான் திகைத்தேன். பாடநூல் எதிலும் நான் காணாத கேள்வி அது. வண்டி சுருங்கலாம், காற்றிலுள்ள தூசு சுருங்காது, பெயிண்டின் துளி சுருங்காது, பூசுபவனின் கைநடுக்கமும் சுருங்காது. ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குள்ள தூசு மாதிரியின் கூரையில் ஒட்டினால், உண்மைக் காரில் அது ஐந்து மில்லிமீட்டர். பச்சைப் பயறு ஒன்று பெயிண்டுக்குள் புதைந்தது போலிருக்கும். பெயிண்டின் கனம் பத்தில் ஒரு மில்லிமீட்டர் ஆனாலும், அளவுப்படி அது இரண்டரை மில்லிமீட்டர்க் கனமாகிக் கதவின் இடுக்குகளை மூடிவிடும். பொருள் சிறுக்குந்தோறும் குறை பெருக்கும் என்னும் உண்மையைப் பள்ளியை விட்ட அண்ணன், பட்டம் பெற்ற தம்பிக்கு ஒரே கேள்வியில் உணர்த்திவிட்டார்.

அண்ணன் சொல்ல, தம்பி கை

அக்டோபரில் வேலையைத் தொடங்கினோம். வார இறுதியில் நான் ஊருக்கு வரும் இரு நாட்களே வேலை நாட்கள். பெயிண்ட் அடிப்பது அண்ணனுக்கு விலக்கப்பட்டதாகையால் கை என்னுடையது, அறிவு அவருடையது என்று உடன்பாடு. பின்கட்டில் அட்டைப் பெட்டியொன்றின் ஒரு பக்கத்தைத் திறந்து வைத்து, முகமூடி அணிந்து நான் நிற்பேன். காற்று எனக்கு எதிர்ப்புறம் வீசும் திசை பார்த்து, பத்தடி தள்ளி அண்ணன் நாற்காலியில் அமர்வார்.

முதல் பாடம் கழுவுதல். அச்சிலிருந்து எளிதாக வருவதற்குப் பூசிய எண்ணெய்ப் பசை உறுப்புகளில் ஒட்டியிருக்கலாம்; சோப்பு நீரில் கழுவாவிட்டால் பெயிண்ட் பிடிக்காது. இரண்டாம் பாடம் தேய்த்தல். அச்சின் இரு பாதிகளும் கூடிய இடத்தில் மயிரிழை போன்ற கோடு ஓடும். அதனை நீரில் நனைத்த வாட்டர் பேப்பரால் தேய்த்து எடுக்க வேண்டும். “பெயிண்டு அடிக்கிறது கடைசி வேலை, தம்பி. தேய்க்கிறதுதான் வேலை” என்பது அண்ணனின் சூத்திரம். கண்ணை நம்ப விடமாட்டார். கண்ணை மூடி விரல் நுனியால் தடவச் சொல்வார். கண்ணுக்குத் தெரியாத மேட்டை விரல் காட்டிக்கொடுத்தது.

மூன்றாம் பாடம் ஒட்டுதல். இவ்வுறுப்புகளுக்குரிய பசை, பசையே அன்று. இரு பக்கத்துப் பிளாஸ்டிக்கையும் கரைத்து ஒன்றாக்கும் கரைப்பான். உலர்ந்தபின் அங்கே இணைப்பு என ஒன்றில்லை. இரண்டும் ஒரே பொருள். கண்ணாடிகளுக்கு மட்டும் அது ஆகாது. உடனே ஒட்டும் பசையின் ஆவியும் தெளிந்த பிளாஸ்டிக்கைப் பனி படர்ந்தது போல் வெளுக்கச் செய்யும். அதனால் கண்ணாடியை மரவேலைக்குரிய வெள்ளைப் பசையால் ஒட்டினோம். உலர்ந்தால் அது நிறமற்றுப் போகும்.

வண்ணத்துக்கு வந்தோம். பட்டறையில் மிஞ்சியிருந்த தின்னரைக் கலக்கலாமே என்று பார்த்தோம். அண்ணன் முதலில் வெற்றுச் சட்டத்தின் ஒரு துண்டில் அதைத் தடவச் சொன்னார். சில நொடிகளில் பிளாஸ்டிக்கின் மேற்பரப்பு காய்ச்சிய பாலின் ஆடை போல் சுருங்கிற்று. “இரும்பு தாங்கும், இது தாங்காது. வாங்குற உடம்பைப் பாத்துத்தான் மருந்து” என்றார். மாதிரி உருக்களுக்கென்றே விற்கும் பிரைமரைத் தருவித்தோம். அதிலும் வெள்ளை நிறத்தையே தேர்ந்தார். நாங்கள் பூசவிருந்தது சிவப்பு. சிவப்புக்கு அடிநிறத்தை மறைக்கும் வலிமை குறைவு. சாம்பல் மேல் பூசினால் மங்கும், வெள்ளை மேல் பூசினால் ஒளிரும்.

மழைக்காலம் குறுக்கிட்டது. ஈரக் காற்றில் லேக்கர் பெயிண்ட் அடித்தால், அது உலரும்போது குளிர்ந்த பரப்பில் நீர் படிந்து வெளுத்துவிடும். ஐந்து வாரம் காத்திருந்தோம். டிசம்பரில் வெயில் தெளிந்த ஒரு முற்பகலில் தரையில் நீர் தெளித்துத் தூசியை அடக்கி, ஒரு சாண் தொலைவில் கன்னைப் பிடித்து, பனி இறங்குவது போல் மெல்லிய படலங்களாக அடித்தேன். “நிறுத்தாதே. வண்டிக்கு முன்னாலேயே ஆரம்பி, வண்டி தாண்டினப்புறம் விடு” என்று பத்தடிக்கு அப்பாலிருந்து குரல் வரும். கன்னிலிருந்து எழும் சீற்றத்தின் ஒலியைக் கேட்டே பெயிண்ட் கெட்டியா இளக்கமா என்று சொல்லிவிடுவார். மூன்று படலங்களுக்குப் பின், ஈரம் காயும் வரை ஒரு பிளாஸ்டிக் தொட்டியைக் கவிழ்த்து மூடினோம்.

எஞ்சியது வால்பகுதியைச் சுற்றிவரும் இரட்டை வெள்ளைப் பட்டை. அவ்வண்டியின் அடையாளமே அதுதான். அதற்கான ஒட்டுப்படம் பெட்டியிலேயே இருந்தது. அண்ணன் அதைத் தள்ளி வைத்தார். லாரிகளின் பக்கப்பலகையில் நூல் பிடித்தது போல் கோடிழுத்த தூரிகையைத் துணியிலிருந்து அவிழ்த்தார். நீரில் கரையும் வெள்ளை வண்ணத்தில் மூச்சுக்குக் கேடான ஆவி இல்லை. ஆகவே அது அவருக்கு விலக்கன்று. ஒட்டுநாடாவின் உதவியைக்கூட அவர் ஏற்கவில்லை.

இரு நிமிடம் இளைப்பாறினார். பின் மூச்சை அடக்கிக்கொண்டு இழுத்தார். மாடிப்படி ஏறினால் இரைக்கும் மார்பு அந்தக் கோடு முடியும் வரை அசையவில்லை. கோடு முடிந்த பிறகே மூச்சு வெளிவந்தது. இரண்டு பட்டைக்கும் ஒரு முற்பகல் முழுதும் சென்றது. கோட்டின் ஓரத்தை நான் உருப்பெருக்கியால் பார்த்தேன். பிசிறு இல்லை.

பயன் யாது?

வேலை நடந்துகொண்டிருந்தபோது எங்கள் ஜமாஅத்தின் பெரியவர் ஒருவர், அஸர் தொழுகைக்குப் பின் என்னிடம் கேட்டார்: “பேராசிரியரே, அண்ணனும் தம்பியுமாகப் பொம்மைக் கார் செய்கிறீர்களாமே, இதனால் என்ன பயன்?” கேள்வி நேர்மையானது. காலத்தை வீணாக்குவது நம் மார்க்கத்தில் பொறுப்புக் கேடாகும். எனவே விடை கூறக் கடமைப்பட்டேன்.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் விளையாட்டுப் பொருட்களிடையே துணியால் இறக்கை வைத்த குதிரை ஒன்று இருந்தது. குதிரைக்கு இறக்கையா என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வினவியபோது, சுலைமான் நபியின் குதிரைகளுக்கு இறக்கைகள் இருந்ததைத் தாங்கள் கேட்டதில்லையா என்று அன்னையார் மறுமொழி சொல்ல, அண்ணலார் கடைவாய்ப் பற்கள் தெரியச் சிரித்தார்கள் என்பது நபிமொழித் தொகுப்பில் காணப்படும் செய்தி. உயிருள்ளவற்றின் உருவம் பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. உயிரற்ற வண்டிக்கு அந்த ஐயமும் இல்லை.

தாவூத் நபி (அலை) அவர்களுக்கு இரும்பை மென்மையாக்கித் தந்த இறைவன், கவசத்தின் வளையங்களைச் சரியாக அளந்து கோக்குமாறு கட்டளையிட்டதைத் திருமறை கூறுகிறது. வேந்தராகவும் நபியாகவும் இருந்த ஒருவருக்கு இடப்பட்ட கட்டளையில் வளையத்தின் அளவும் இடம்பெற்றது என்பதைக் கைத்தொழிலை இழிவாக எண்ணுவோர் சிந்திக்க வேண்டும். 1206-இல் தம் பொறியியல் நூலை முடித்த அல்ஜஸரீ, தாம் அமைக்கவிருந்த பொறிகளுக்கு முதலில் காகிதத்தில் மாதிரி செய்து பார்த்தார். 1792 வரை திப்பு சுல்தான் ஆட்சியிலிருந்த நம் பாராமகால் பகுதிக்குத் தொலைவிலில்லாத சென்னபட்டணத்து அரக்கு மெருகு மரப்பொம்மைக் கலையையும், அவர் பாரசீகக் கலைஞரை வரவழைத்து வளர்த்ததாக மரபுச் செய்தி கூறுகிறது. சிற்றுரு செய்தல் சிறுமைக்குரிய வேலையாக நம் முன்னோர்க்குத் தோன்றவில்லை.

இவற்றையெல்லாம் பெரியவரிடம் கூறினேன். பொறுமையாகக் கேட்டார். எனினும் அவர் மனம் நிறைவுற்றது என் சான்றுகளால் அன்று. 2024 சனவரியில் வேலை முடிந்ததும் வீட்டுக்கு வந்தார். சிறுதேரை ஏந்தி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். வெள்ளைக் கோட்டின் மேல் கண் நின்றது. அண்ணனைப் பார்த்து, “கை போகல, தம்பி” என்றார். அண்ணன் பதில் சொல்லவில்லை; தேநீர் கொண்டுவருமாறு உள்ளே குரல் கொடுத்தார். அக்குரல் பட்டறைக் காலத்துக் குரல்.

இப்போது ஞாயிறுதோறும் தெருப் பிள்ளைகள் இருவர் வருகின்றனர். அண்ணன் அவர்களுக்கு இன்னும் வண்ணம் தரவில்லை. வாட்டர் பேப்பரும் நீரும் மட்டுமே தந்திருக்கிறார். முகமூடி இல்லாமல் வரும் நாளில் இருவரையும் திருப்பி அனுப்பிவிடுகிறார்.

மாணவச் செல்வங்களே! நம் வீடுகளில் கையால் கற்ற அறிவுடையோர் பலர் இருக்கின்றனர். தையல் எந்திரத்தின் ஓசையில் பழுதை அறியும் தாய்மாரும், தோலைத் தொட்டுப் பதத்தைக் கூறும் தோல் ஷாப்புத் தொழிலாளரும், பெயிண்டின் சீற்றம் கேட்டு அதன் இளக்கத்தைச் சொல்லும் அண்ணன்மாரும் அவர்களுள் சிலர். அவர்கள் அறிவு எந்த நூலகத்திலும் இல்லை. அவர்கள் ஓய்ந்தால் அதுவும் ஓயும். பட்டம் பெற்ற பின்னரும் அவர்கள் முன் சென்று மாணவராக அமருங்கள். கேட்டு எழுதுங்கள்; கூடவே கையாலும் செய்து பாருங்கள்.

அணுவளவு நன்மையும் அணுவளவு தீமையும் கணக்கில் வரும் நாளொன்று உண்டு என்பது நம் நம்பிக்கை. சிறிய செயல்தானே என்று எதையும் அலட்சியமாகச் செய்பவர், செயல் சிறிதானால் குறையும் சிறிதாகிவிடும் என எண்ணுகின்றனர். அவ்வாறன்று. விடைத்தாளின் ஒரு வரியானாலும், முதியவருக்குக் கூறும் ஒரு ஸலாம் ஆனாலும், தூசு அங்கே தன் முழு அளவிலேயே தெரியும். செய்வன அனைத்தையும் செவ்வனே செய்யும் நற்பேற்றை வல்ல இறைவன் நம் அனைவருக்கும் அருள்வானாக!